தடியைக் கண்டதும் இறங்குகிறவள்

குதிரை ஏற வேண்டுமென்று ஆசைப்பட்டவள் அல்ல நான். ஆசைப்படுவதற்கும் நேரம் வேண்டுமே. விடிய எழும்பி என் கணவரைத் தூக்கி இருத்த வேண்டும், பல் விளக்க வேண்டும், குளிக்க வார்க்க வேண்டும், உடுப்பு மாற்றிக் கஞ்சியைப் பருக்க வேண்டும். அதற்குப் பிறகு தபாற்கந்தோர். அங்கே முத்திரைக்கும் ஓய்வூதியக்காரருக்கும் இடையில் பகல் போய்விடும். பின்னேரம் வந்தால் மறுபடியும் தூக்கு, மறுபடியும் கிடத்து. அவருக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்து மூன்று வருடமாகிறது. கண்ணைத் திறந்தால் தூக்க வேண்டும், மூடினால் இடுப்பில் நாரி பிடித்துக்கொள்ளும். என் சீவியம் இவ்வளவுதான் என்று நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை தபாற்கந்தோருக்கு வந்தாள். நோர்வேயில் பிறந்து வளர்ந்தவள். அச்சுவேலிப் பக்கம் தாய்வழிச் சொந்தக்காரரின் காணி ஒன்றை எடுத்து, நுவரெலியாவில் பந்தயம் ஓடி முடித்த இரண்டு குதிரைகளைக் கொண்டுவந்து வைத்து, ஆட்களுக்குச் சவாரி பழக்குகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவளுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்து கிடந்தது. பெரிய பெட்டி. அதை மேசைக்கு மேலால் எடுத்துக் கொடுக்கும்போதே என் நாரி கத்தியது.

"என்ன பிள்ளை, உதுக்குள்ளை ஆளை வைச்சு அனுப்பினவையோ?" என்று எரிந்து விழுந்தேன்.

"சேணம் அன்ரி. குதிரைக்கு" என்று சிரித்தாள். "ஒரு நாளைக்கு வந்து ஏறிப் பாருங்கோவன்."

பின்னாலே கடிதம் பிரித்துக்கொண்டிருந்த தபால்காரர் சும்மா இருந்திருக்கலாம். "அக்கா ஏறினால் குதிரை பாவம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன், நான் ஏறினால் குதிரை முறிஞ்சு போமோ? வாறன் பிள்ளை. சனிக்கிழமை கட்டாயம் வாறன்" என்றேன். என்னுடைய குதிரையேற்றம் தொடங்கியது இப்படித்தான். ஆசையிலே அல்ல, கோபத்திலே.

சனிக்கிழமை காலையில் தங்கை வந்து என் கணவருக்குப் பக்கத்தில் இருப்பாள். அந்த நேரத்தில் நான் சந்தைக்குப் போவேன், மருந்து எடுப்பேன். அன்றைக்கு அச்சுவேலிக்குப் போனேன். வெங்காயத் தோட்டங்களைத் தாண்டி, பனைகள் சுற்றி நிற்கிற ஒரு வெறும் காணி. கபில நிறப் பெட்டைக் குதிரை ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை நின்றாள். ஏறுவதற்குச் சீமெந்துக் கல்லு அடுக்கி வைத்திருந்தாள். நீளக் காற்சட்டை ஒன்றைத் தங்கையிடம் இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். அது இடுப்பில் இறுக்கியது. எப்படியோ ஏறி இருந்துவிட்டேன்.

குதிரை நடந்தது. அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருடமாக ஒரு உடம்பைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். என்னை ஒருவர் தூக்கிக்கொண்டு நடந்தது அன்றைக்குத்தான். அதன் முதுகு எனக்குக் கீழே இடமும் வலமுமாக அசைந்தது, நாரி இளகியது. பிள்ளை நான் பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து, "இறக்கி விடட்டோ அன்ரி?" என்றாள். "நீர் பேசாமல் நடவும்" என்றேன்.

ஊர் சும்மா இருக்குமா? சந்தையில் மீன்காரி "குதிரைக்காரி வாறா, வழியை விடுங்கோ" என்றாள். கோயிலில் ஒருத்தி, புருஷன் படுக்கையில் கிடக்கும்போது இவளுக்கு இதென்ன எடுப்பு என்று என் காதில் விழத்தக்கதாகவே கேட்டாள். நான் திரும்பி நின்று, "நீங்கள் வந்து அவரைத் தூக்குங்கோ, நான் எடுப்பை விடுறன்" என்று சொல்ல, அந்த மனிசி அர்ச்சனைத் தட்டோடு வேறு வீதிக்குப் போய்விட்டாள். சந்தோஷப்பட்டவர் இவர் ஒருவர்தான். முன்னாள் வாத்தியார், பேச்சு மெதுவானாலும் பகிடி குறையவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நான் வந்து குனிந்தால், "குதிரை மணக்குது. இண்டைக்கு ஓடினனீரோ, நடந்தனீரோ?" என்பார். ஓடினேன் என்று சொன்னால் அன்றைக்குக் கஞ்சி முழுவதும் உள்ளே போகும்.

மாசக்கணக்கில் நடந்து, பிறகு ஓடப் பழகினேன். விழவில்லை. குதிரைக்கு என்னைப் பிடித்திருந்தது, எனக்கும் அதைப் பிடித்திருந்தது. ஒரு சனிக்கிழமை பிள்ளை சொன்னாள்: "அன்ரி, இனி நீங்கள் பாயலாம்."

காணியின் நடுவில் இரண்டு பழைய தார்ப் பரல்களை, வெறும் இரும்புப் பீப்பாய்களை, நிறுத்தியிருந்தாள். இரண்டுக்கும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்தாள். நடுவே கல்லுகளின் மேல் ஒரு நீட்டுச் சவுக்குத் தடி, அதற்கும் அதே நிறம். முழங்காலுக்கும் வராத உயரம். ஆடு தாண்டும். நோர்வேயில் சின்னப் பிள்ளைகளும் இப்படித்தான் பழகுவார்கள் என்றாள். தடியைப் பார்க்கக் கூடாது, அதற்கு அப்பால் தூரத்தில் பார்க்க வேண்டும், கையை முன்னுக்கு விட்டுக் குதிரையைப் போக விட வேண்டும். மிச்சத்தைக் குதிரை பார்த்துக்கொள்ளும். இவ்வளவுதான் பாடம்.

நான் ஓட்டிக்கொண்டு போனேன். தடிக்கு முன்னால் குதிரை நின்றது.

திரும்பவும் போனேன். திரும்பவும் நின்றது. குதிரைக்கு மனமில்லை என்றேன். பிள்ளை தானே ஏறிப் போனாள், அது ஒரு நூல் கூடத் தயங்காமல் தடிக்கு மேலால் போய் அந்தப் பக்கம் இறங்கியது. மறுபடி நான் ஏறினேன், நின்றது. அடுத்த சனியும் அப்படி. அதற்கடுத்த சனியும் அப்படி. ஒவ்வொரு முறையும் தடி கிட்ட வரும், பிறகு குதிரை நின்றிருக்கும். இடையில் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

"நீங்கள்தான் நிப்பாட்டுறியள் அன்ரி" என்றாள் பிள்ளை. "நிப்பாட்டிப்போட்டு இறங்கப் பாக்கிறியள்."

"எனக்கென்ன விசரே, ஓடுற குதிரையாலை இறங்க?"

அவள் போனில் படம் பிடித்துக் காட்டி, எனக்கும் அனுப்பினாள். வெட்கமாகப் போய்விட்டது. தடிக்குக் கொஞ்சம் தூரத்திலேயே என் இரண்டு கையும் கடிவாளத்தைப் பொத்திப் பிடிக்கின்றன. வலது கால் சேணத்து வளையத்திலிருந்து தானாகக் கழன்று வருகிறது. உடம்பு முழுக்க இடப்பக்கம் சரிகிறது. குதிரை பாவம், நிற்கத்தானே செய்யும்?

நிறம் கண்ணைக் குழப்புகிறதோ என்று பிள்ளை பரலுக்கும் தடிக்கும் நீலம் அடித்தாள். நான் நீலத்துக்கும் இறங்கினேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய கரைச்சல். ஒரு நாள் பிள்ளை ஏறிப் போனபோதும் குதிரை தடிக்கு முன்னால் நின்றது. அவள் இறங்கி வந்து, அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கோவிக்காதையுங்கோ அன்ரி. இவ பழகிட்டா. தடியைக் கண்டால் நிக்கிறதுதான் வேலை எண்டு நினைக்கிறா. இன்னும் விட்டால் இவவைப் பிறகு ஒருத்தரும் பாயப் பண்ணேலாது. வாற சனி ஒருக்காப் பாப்பம். அதோடை சரி. பிறகு நீங்கள் சும்மா நடக்கலாம், ஓடலாம்."

சும்மா நடந்தால் போதும்தானே என்று நான் விட்டிருக்கலாம். இந்த வயதில் பாய்ந்து யாருக்கு என்ன? ஆனால் விட மனம் வரவில்லை. மூன்று வருடத்தில் எனக்கென்று கிடைத்தது அந்த ஒரு காலைப்பொழுது. அதையும் நானே கெடுத்துக்கொள்கிறேன். போதாக்குறைக்கு, ஒரு பயமும் இல்லாமல் இருந்த வாயில்லாச் சீவனுக்கும் என் வருத்தத்தைத் தொற்ற வைத்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு இவருக்குக் கஞ்சி கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்து, "என்ன, குதிரை உதைச்சதோ?" என்றார். நான் அந்தப் படத்தைப் போட்டுப் போனை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். முதல் தரம் சிரிக்கத்தான் செய்தார். திரும்பப் போடச் சொன்னார். அதற்குப் பிறகும் போடச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது.

"உது சென்றி" என்றார்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?"

"வலது காலைப் பாரும். கையைப் பாரும். பிறேக் பிடிக்கிறீர். பிடிச்சுப்போட்டுச் சைக்கிளாலை இறங்கிறீர்."

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. சண்டை நடந்த அந்தக் காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து சந்திக்குப் போவதற்கிடையில் எத்தனை சென்றி! மண் நிரப்பிய தார்ப் பரல்கள், குறுக்கே ஒரு தடி, பின்னால் மண்மூட்டை, அதற்குப் பின்னால் துவக்கோடு ஆமிக்காரன். கிட்டப் போக முன்னமே சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, உருட்டி நடந்து கடந்து, அங்காலே போய்த்தான் திரும்ப ஏறலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் இறங்க வேண்டும், பிரசவத்துக்குப் போகிறவளும் இறங்க வேண்டும். எங்கள் வயதுக்காரர் நடக்கப் பழகியது மாதிரி இறங்கவும் பழகியவர்கள். சென்றி எடுபட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. எனக்குள் எடுபடவில்லை என்பது எனக்கே தெரியாது.

"எல்லாரும்தான் இறங்கினவை" என்றேன். "எல்லாரும் என்னை மாதிரியோ இருக்கினம்?"

அவர் கரண்டியை நல்ல கையால் விலக்கினார். பிறகு, "நான்தானே இறங்காதையும் எண்டனான்" என்றார்.

அதைப் பற்றி நாங்கள் அதுவரை கதைத்ததே இல்லை. மூத்தவன் எட்டு மாதம் என் வயிற்றில். ஆஸ்பத்திரிக்கு இவர் சைக்கிள் மிதிக்க, நான் பின் கரியரில் இருக்கிறேன். கால் இரண்டும் வீங்கி, இறங்கினால் திரும்ப ஏறுவது பெரும்பாடு. சென்றி கிட்ட வர நான் இறங்கப் பார்த்தேன். இவர், "இறங்காதையும், வயிறு தெரியுதுதானே, எனக்குச் சிங்களம் தெரியும், நான் சொல்லுறன்" என்றார். சொல்லத் தொடங்கினார். வாய் மூடும் முன்னமே ஆமிக்காரன் சைக்கிளை இழுத்து விழுத்தினான். என்னை ஒரு பக்கம் நிற்கச் சொன்னான். இவரை அந்தச் சரளைக் கல்லில் வெயிலுக்குள் முழங்காலில் இருத்தினான். அவரிடம் படித்த பொடியள் சைக்கிளை உருட்டிக்கொண்டு, வாத்தியாரைப் பார்க்காத மாதிரிக் குனிந்து போனார்கள். எவ்வளவு நேரம் இருத்தி வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான் தெரியும். அதற்குப் பிறகு எந்தச் சென்றியிலும் எல்லாருக்கும் முதல் இறங்குகிறவள் நான்தான். அரைவாசித் தூரத்திலேயே இறங்கிவிடுவேன். இவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை.

வயிற்றில் இருந்தவன் இப்போது லண்டனில். அவனுக்கு இது தெரியாது. சொல்லவும் களைப்பு.

காரணம் தெரிந்தால் கால் கேட்கும் என்று நினைக்கிறீர்களா? வெறும் கதை. அந்தக் கிழமை முழுக்க, முத்திரை கிழிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும், இறங்காதே இறங்காதே என்று வலது காலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். போதாததற்குச் சனிக்கிழமை தங்கைக்கு வர முடியாமல் போய்விட்டது, அவள் மாமனாருக்குத் திவசம். இவரைத் தனியே விட முடியாது. போகாமல் விடுவோம் என்றேன். "ஓட்டோவைப் பிடியும். நானும் வாறன்" என்றார் இவர். அவரைக் குளிக்க வார்த்து, உடுப்பாட்டி, ஓட்டோக்காரத் தம்பியும் நானுமாகத் தூக்கி ஏற்றி, தலையணை அண்டக் கொடுத்து, அச்சுவேலி போய்ச் சேர்வதற்குள்ளேயே எனக்கு ஒரு நாள் வேலை முடிந்த மாதிரி இருந்தது. தம்பி ஓட்டோவைத் தடிக்கு அங்காலே ஒரு வேப்ப மரத்துக்குக் கீழ் நிறுத்தினான்.

பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பரல்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. "எனக்குத் தெரியாது அன்ரி. நான் பரலை எடுத்து விடுறன்" என்றாள்.

"வேண்டாம் பிள்ளை, இருக்கட்டும். இந்தக் குதிரையும் அதைக் கண்டுதானே நிக்கப் பழகினது" என்றேன்.

முதலில் ஒரு தரம் போனேன். கை பொத்தியது, கால் கழன்றது, குதிரை நின்றது. எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிள்ளை ஓடிப்போய் ஒரு தோல் பட்டி கொண்டுவந்து குதிரையின் கழுத்தில் கட்டினாள். "கடிவாளத்தை மறந்திடுங்கோ. தடி கிட்ட வர ரெண்டு கையாலையும் இதைப் பிடியுங்கோ. கால் கழண்டாலும் பரவாயில்லை, கையை மட்டும் விடாதையுங்கோ."

ஓட்டினேன். பரல்கள் கிட்ட வந்தன. பட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். வலது கால் தன் பாட்டில் கழன்றது. குதிரை ஒரு கணம் யோசித்தது, எனக்குத் தெரிந்தது. பிறகு கீழே இருந்து ஏதோ என்னைத் தூக்கியது. கண்ணைத் திறந்தால் நான் அதன் கழுத்தில் முகம் குப்புறக் கிடக்கிறேன், வாய்க்குள் பிடரி மயிர், தடி பின்னால் இருக்கிறது. ஐயோ கடவுளே என்று கத்தினேன். பிள்ளை துள்ளினாள். ஓட்டோக்காரத் தம்பி ஹோர்னை அடித்து ஊரைக் கூட்டினான்.

நான் மூச்சு வாங்க வாங்கக் குதிரையை ஓட்டோவுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, நல்ல கையால் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதோ?" என்றார்.

"பாக்கத்தானே உங்களை இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்தனான்! பாக்கேல்லையோ?"

"ஏலாது" என்றார். ஒவ்வொரு சொல்லாக இழுத்துத்தான் சொன்னார். "அண்டைக்கு நான் முழங்காலிலை இருக்கேக்கை உம்மடை முகத்தைப் பாத்தனான். திரும்பவும் அப்பிடி ஒரு முகத்தைப் பாக்க எனக்குப் பயம்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை வருடம் இந்த மனிசன் இதை ஒளித்து வைத்திருந்திருக்கிறார். நான் குதிரையில் இருந்தபடியே கத்தினேன். "எனக்கு ஒண்டும் நடக்கேல்லை! முழுசா நிக்கிறன்! நான் திரும்பப் போறன், கையை எடுத்துப்போட்டுப் பாருங்கோ. கண்ணை மூடினியளோ, இண்டைக்குக் கஞ்சி இல்லை!"

பிள்ளை இன்றைக்குப் போதும் என்று கையைக் காட்டினாள். நான் கேட்கவில்லை. உடம்பில் ஒரு சொட்டுச் சத்துக் கூட மிச்சமில்லை. இருந்தாலும் குதிரையைத் திருப்பிப் பரல்களைச் சுற்றிக் காணியின் மற்றக் கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஓட்டினேன். இந்தத் தரம் நான் தடியைப் பார்க்கவில்லை. பரலையும் பார்க்கவில்லை. வேப்ப மரத்துக்குக் கீழே அந்த மனிசன் கையை எடுத்தாரா, கண்ணைத் திறந்தாரா என்று அதையே பார்த்துக்கொண்டு போனேன். கை இறங்கியது. என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் குதிரை எழும்பியது.

கீழே வந்தபோதும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் இரண்டு காலும் வளையத்துக்குள் இருந்தன.

ஏறுகிற கல்லடியில் மெதுவாக இறங்கிக் குதிரையைப் பிள்ளையிடம் கொடுத்தேன். கால் ஊன்ற முடியாமல் நொண்டிக்கொண்டு ஓட்டோவுக்கு வந்து, அவருக்குப் பக்கத்தில் ஏறி இருந்து, தலையணையைச் சரிப்படுத்தினேன். பாரிசவாதம் வந்த நாளிலிருந்து அவருடைய இடது கண்ணில் எந்நேரமும் தண்ணீர் வடியும். வழக்கம் போலச் சீலைத்துண்டை எடுத்து அதைத் துடைத்துவிட்டேன். பிறகு வலது கண்ணையும் துடைத்துவிட்டேன்.